லான்கார்வன் சுவரைக் காட்டியவர்களுக்கு

போன வாரம் வேல்ஸில் லான்கார்வன் ஊர்த் தேவாலயத்தில், சுண்ணாம்புக்கு அடியிலிருந்து வெளியே வந்த பழைய சுவரோவியங்களைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருந்தேன். தனியாகப் போயிருந்தால் பத்து நிமிஷத்தில் வெளியே வந்திருப்பேன். ஒவ்வொருவராகத் தேடி நன்றி சொல்ல முடியாது, அதனால் மொத்தமாக இங்கேயே.

முதலில், எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்வாங்கியே ஆக வேண்டிய அந்தக் குறுகல் சாலைகளில் கார்டிஃப்பிலிருந்து கூட்டிப்போன பக்கத்து வீட்டுக்காரருக்கு. ஊர்ப் பெயரின் முதல் எழுத்துக்கு நாக்கை ‘ல’வுக்கு வைத்துக் காற்றை மட்டும் ஊத வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தார். இன்னும் வரவில்லை.

6-ஆம் நூற்றாண்டில் புனித கடோக் மடம் அமைத்த ஊர் என்பார்கள். இப்போது நிற்பது இடைக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதான கற்கட்டடம். விஷயம் முழுக்கத் தெற்குப் பக்கக் கூடத்தில்தான். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்ட அம்மா அங்கே கூட்டிப்போய் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு உரிந்த ஓரங்கள் அப்போதுதான் தெரிந்தன. மதச் சீர்திருத்தக் காலத்தில் படங்கள் ஆகாது என்று வெள்ளையடித்து மறைத்ததும், அதன்மேல் வேத வசனம் எழுதியதும், பிறகு தலைமுறை தலைமுறையாக வெள்ளை பூசியதும் ஒரே சுவரில். ஒரு வகையில் அந்தச் சுண்ணாம்புக்கும் நன்றி சொல்ல வேண்டும், காப்பாற்றியது அதுதானே!

அப்புறம், நான் பார்த்தே இராத ஜேன் ரூதர்ஃபோர்டுக்கும் ஆன் பேலன்டைனுக்கும். வெள்ளைக்கு நடுவே தெரிந்த மெல்லிய காவிக் கோட்டைப் பிடித்துக்கொண்டு 2008-இல் தொடங்கிய வேலை. சின்னக் கத்தியால் செதில் செதிலாக எடுத்து, 15-ஆம் நூற்றாண்டின் ஓவியங்களை வெளியே கொண்டுவந்தவர்கள் இவர்கள். டிராகனைக் குத்தும் குதிரைவீரர் புனித ஜார்ஜ் பெரிது, கோட்டை மேலிருந்து ராஜாவும் ராணியும் வேடிக்கை பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஜன்னலோரத்துச் சாவு. சவத்துணி சுற்றிய பிணம், பகட்டாக உடுத்திய இளைஞனின் கையைப் பிடித்து இழுத்துப் போகிறது. பிடித்த அந்த இரண்டு கைகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது என்று தன் சாண்ட்விச்சை எனக்குப் பாதி கொடுத்துவிட்டு விளக்கிய ஓய்வுபெற்ற கொத்தனார் ஐயாவுக்கும் நன்றி.

டார்ச் அம்மா, மழைக்குக் கொடுத்த உங்கள் நீலக் குடை என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறேன்.