பட்டுப்பாவாடையும் துணிக்கற்களும்

சிங்கப்பூர்
ஜூலை 27

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருச்சியில் உன் மகனுடைய பள்ளி ஆண்டு விழாவுக்கு வாடகைக்கு எடுத்த கட்டபொம்மன் உடையோடு வாள் வராமல் போனதையும், மேடையில் அவன் மறந்துபோன வசனத்தை நீ முதல் வரிசையிலிருந்து உரக்கச் சொல்லிக் கைதட்டல் வாங்கியதையும் படித்து நானும் அவரும் வெகுநேரம் சிரித்தோம். சிங்கப்பூர்ப் பள்ளிகளிலும் இந்தக் கூத்தெல்லாம் உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு, ஆனால் இங்கே அது ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை.

ஜனவரியில் பள்ளி தொடங்கி நவம்பரில் முடிவதற்குள் சிறு சிறு கொண்டாட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் பிள்ளைகள் கொண்டாடிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி இந்த ஊர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததை நினைவில் வைத்து, ஆண்டுதோறும் அதே தேதியில், நாட்டைக் காப்பதில் எல்லோருக்கும் பங்குண்டு என்று நினைவூட்டும் முழுமைத் தற்காப்பு தினம் வருகிறது. ஆகஸ்ட் 9 தேசிய தினம். செப்டம்பரின் முதல் வெள்ளிக்கிழமை ஆசிரியர் தினம், அக்டோபரின் முதல் வெள்ளிக்கிழமை சிறுவர் தினம். இவ்விரு நாள்களிலும் தொடக்கப்பள்ளிக்கு விடுமுறை என்பதால் கொண்டாட்டத்தை முந்தைய நாளே முடித்துவிடுவார்கள். எனவே சிறுவர் தினம் என்றால் எங்களைப் போன்ற பெற்றோருக்கு அலுவலகத்தில் விடுப்புக் கேட்கும் நாள் என்றுதான் பொருள்.

இவற்றுள் எங்கள் வீட்டைத் தலைகீழாக்குவது ஜூலை 21ஆம் தேதி வரும் இன நல்லிணக்க நாள்தான். 1964ஆம் ஆண்டு அதே தேதியில், நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. பல உயிர்கள் போயின. அந்தத் தேதியையே தேர்ந்தெடுத்து, 1997 முதல் பள்ளிகளில் இந்நாளைக் கடைப்பிடிக்கிறார்கள். அன்று பிள்ளைகள் சீருடைக்குப் பதிலாகப் பாரம்பரிய உடையில் வரலாம் என்று பள்ளியிலிருந்து கைப்பேசிச் செயலியில் அறிவிப்பு வந்துவிடும். உடனே தாய்மார்கள் இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவுக்கும் கேம்பல் லேனுக்கும் படையெடுப்போம். தீபாவளிக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே சிராங்கூன் சாலைக் கடைகளில் குழந்தைகளுக்கான பட்டுப்பாவாடையும் குர்த்தாவும் தேடுவது ஒரு தனிச் சலிப்பு. பிள்ளைக்குப் பிடித்த நிறம் இருந்தால் அளவு இருக்காது, அளவு இருந்தால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இவ்வாண்டு தொடக்கநிலை இரண்டில் படிக்கும் என் மகள் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தாள். அவளுக்குப் பாவாடை வேண்டாமாம். பக்கத்து இருக்கையில் அமரும் மலாய்த் தோழியின் பாஜு கூரோங் என்ற நீளச் சட்டையும் பாவாடையும் வேண்டுமாம், அந்தத் தோழிக்கு இவளுடைய பாவாடை சட்டை வேண்டுமாம். இருவரும் இடைவேளையில் பேசி முடித்துவிட்டுத்தான் பெரியவர்களிடம் வந்திருக்கிறார்கள். என் மாமியார் மறுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ, "பாவாடை இடுப்பிலிருந்து நழுவாமல் இருக்க ஒரு ஊக்கு குத்திக் கொடுத்துவிடு, அந்தப் பிள்ளைக்குப் பழக்கம் இருக்காது" என்று மட்டும் சொன்னார். பாலர் பள்ளிக்குப் போகும் இளையவனுக்கு ஒட்டும் பட்டை வைத்த வேட்டி வாங்கினோம். வேட்டி கட்டத் தெரியாத தலைமுறை என்று ஊரில் இதைக் கேலி செய்வார்கள். நான்கு வயதுப் பிள்ளையைத் தனியாகக் கழிவறைக்கு அனுப்ப வேண்டிய ஆசிரியையின் நிலையிலிருந்து பார்த்தால், அந்தப் பட்டையைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

ஆனாலும் உன்னிடம் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். உடையின் வேலை காலை ஒன்பது மணிக்குள் முடிந்துவிடுகிறது. வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். அது பெற்றோரின் கைப்பேசிகளில் சுற்றும். அதன்பின் சரிகை உறுத்துகிறது, கழுத்து அரிக்கிறது என்ற புலம்பல்தான். மேலும், சீனப் பிள்ளை என்றால் சிவப்புப் பட்டு, இந்தியப் பிள்ளை என்றால் ஜரிகைப் பாவாடை என்று, சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு பெட்டிகளுக்குள் எல்லோரையும் அடைத்துவிடுகிறோமோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. அப்பா சீனராகவும் அம்மா தமிழராகவும் உள்ள ஒரு சிறுவன் மகளின் வகுப்பில் இருக்கிறான். அவன் அன்று பள்ளியின் உடற்பயிற்சிச் சட்டையிலேயே வந்துவிட்டான், அவனுக்குத்தான் அன்றைய வெயிலில் நிம்மதி.

பிள்ளைகள் உண்மையில் ஒருவரோடொருவர் கலந்தது அதற்குப் பிறகு நடந்த விளையாட்டுகளில்தான். தொண்டூழியப் பெற்றோராகச் சென்றிருந்ததால் அதை நேரில் பார்த்தேன். மண்டபத்தில் ஒருபுறம் இறகுகள் செருகிய சப்தேயைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார்கள், மறுபுறம் சொங்காக் பலகைகள், நடுவில் ஐந்து கல். நாம் கல்லூரி விடுதி வராண்டாவில் ஆடிய அதே கல்லாங்காய்தான். ஆனால் இங்கே கூழாங்கற்களுக்குப் பதிலாக, அரிசியோ பயறோ அடைத்துத் தைத்த சிறிய முக்கோணத் துணிப்பைகள். ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் தரையில் உள்ளதை அள்ளிப் பிடிக்க வேண்டும். பைகள் உருண்டோடாது என்பதால் சின்னக் கைகளுக்கு வசதி. எறிந்ததைப் பிடிக்கத் தவறியவர்களுக்குப் பட்டுப்பாவாடையும் ஒன்றுதான், உடற்பயிற்சிச் சட்டையும் ஒன்றுதான். உடனே எழுந்து அடுத்தவருக்கு இடம்விட வேண்டும்.

மகளுக்கு இது நன்றாக வந்தது. காரணம் என் மாமியார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்பது உனக்குத் தெரியும். முந்தைய வாரம் முழுவதும், மீந்துபோன ரவிக்கைத் துணியில் பச்சைப்பயறு அடைத்து அவரே ஒரு தொகுதி தைத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டிருந்தார். தைத்துக்கொண்டிருந்தபோது, 1964 கலவரத்தில் என்ன நடந்தது என்று பள்ளிப் பயிற்சித்தாளை வைத்துக்கொண்டு மகள் கேட்டாள். ஊரடங்கு போட்டிருந்தார்கள் என்றும், வெளியே போகக் கூடாது என்று அப்பா கதவைச் சாத்திவிட்டார் என்றும், தாமும் அக்காவும் உள்ளேயே உட்கார்ந்து ஐந்து கல் ஆடினோம் என்றும் அவர் சொன்னார். வேறு எதுவும் நினைவில்லை என்றார். இருக்கலாம், அல்லது எட்டு வயதுக் குழந்தைக்கு அது போதும் என்று நினைத்திருக்கலாம். மகள் அடுத்துக் கேட்டது, "யார் ஜெயித்தது, நீங்களா அக்காவா?" என்பதுதான்.

சொங்காக்கைப் பார்த்ததும் எனக்கு நம் பல்லாங்குழியின் நினைவு வந்துவிட்டது. பலகையின் நீளவாக்கில் இரண்டு வரிசைக் குழிகள். இரு முனைகளிலும் ஆளுக்கொன்றாகப் பெரிய குழி கூடுதலாக உண்டு. காய்களைப் பகிர்ந்துகொண்டே வரும்போது நம் பெரிய குழியில் ஒன்று போட வேண்டும், எதிரியுடையதைத் தாண்டிவிட வேண்டும். கடைசிக் காய் நம் பக்கத்து வெற்றுக் குழியில் விழுந்தால் எதிரே உள்ளதை அள்ளிக்கொள்ளலாம். நமக்கோ அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கும் அடுத்ததை எடுப்பது வழக்கம்; நான்கு சேர்ந்தால் பசு என்று தட்டிப் பறிப்போம். நான் பசு கேட்டு ஒரு குழியில் கைவைத்தபோது, எதிரே இருந்த மலாய்ச் சிறுமி என் கையை மெதுவாக நகர்த்தி, ஆங்கிலத்தில் பொறுமையாக விதியை விளக்கினாள். இரண்டு ஆட்டமும் அவளே வென்றாள்.

இனி ஆகஸ்ட் வருகிறது. நாட்டுக் கொடியின் நிறங்களான சிவப்பும் வெள்ளையும் எல்லா வீட்டிலும் இருப்பதால் உடைக் கவலை இல்லை. இளையவன் பெருவிரைவு ரயிலிலும் மின்தூக்கியிலும் தேசிய கீதமான 'மஜுலா சிங்கப்பூரா'வை முதல் இரண்டு வரிகளோடு நிறுத்தி நிறுத்திப் பாடிக்கொண்டிருக்கிறான். தேசிய தின அணிவகுப்பின் முன்னோட்டக் காட்சிக்குத் தொடக்கநிலை ஐந்து மாணவர்களை அழைத்துச் செல்வார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மகள் தன்னை உடனே ஐந்தாம் வகுப்புக்கு மாற்றும்படி கேட்கிறாள்.

டிசம்பர் விடுமுறைக்கு நீங்கள் வருவது உறுதிதானே? வரும்போது உன் அம்மாவின் பரணில் கிடக்கும் அந்த மரப் பல்லாங்குழியை, அவர் மனம் ஒப்பினால், கொண்டுவா. மீன் வடிவத்தில் மடங்கும் பலகை அதுதான் என்று நினைக்கிறேன். எடை மிகுந்துவிட்டால் விட்டுவிடு. சோழிகளை மட்டும் எடுத்துவந்தால் போதும், பலகையை மகளின் தோழி வீட்டில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். பயணத் தேதி முடிவானதும் எழுது, அறையை ஒழிக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் தோழி