தோடியின் காந்தாரத்தை நேராக்க வேண்டாம்

கிளிநொச்சி

அன்புள்ள மகளுக்கு,

நீ பாடி அனுப்பிய, தாளம் இல்லாத கண்ணகி அம்மன் விருத்தமும் அதைத் தொடர்ந்த பாட்டும் வந்து சேர்ந்தன. முதலில் போனிலும், பிறகு ஊர் அடங்கிய பின் என்னுடைய ஒலிபெருக்கிகளிலும் நானும் அம்மாவும் கேட்டோம். வேலைக்கும் போய், பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, ரொறன்ரோக் குளிரில் தொண்டையை இவ்வளவு பதமாக வைத்திருக்கிறாய் என்பதில் எனக்குப் பெரிய நிறைவு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன் இதற்கு இசை சேர்த்து முடிக்க வேண்டும் என்பதால் ஒரு விடயத்தை இப்போதே எழுதிவிடுகிறேன். உன் குரலைச் சுருதி திருத்தும் மென்பொருள் ஒன்றுக்குள் விட்டு எடுத்திருக்கிறாய். அந்தத் திருத்தம் படாத மூலப் பதிவு எனக்கு வேண்டும்.

விருத்தத்தில் நீ ‘க’ என்னும் காந்தாரச் சுரத்துக்கு வருகிற இடத்திலேயே அது தெரிந்துவிட்டது. தோடி ராகத்தில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற சுரம் அன்று. கீழே ‘ரி’யான ரிஷபத்தின் பக்கத்தையும் மேலே ‘ம’வான மத்திமத்தின் பக்கத்தையும் தொட்டு அசைந்துகொண்டிருப்பதால்தான் அது தோடியின் காந்தாரம் ஆகிறது என்பதைச் சின்ன வயதில் நீ என்னோடு இருந்து மணிக்கணக்காகப் பாடிப் பழகியிருக்கிறாய். மென்பொருளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அது ஸ்தாயியைப் பன்னிரண்டு படிகளாக வைத்துக்கொண்டு, குரல் எந்தப் படிக்கு மிக அருகில் இருக்கிறதோ அந்தப் படிக்கு அதை இழுத்து விடுகிறது. படிகளுக்கு இடையில் வழுக்கிச் செல்லும் குரல் அதன் கணக்கில் சுருதி விலகிய குரல். ஆகவே நீ அசைத்த காந்தாரம் ஒரு இடத்தில் மூன்று துண்டுகளாக வெட்டுப்பட்டும், இன்னொரு இடத்தில் அசைவே இல்லாமல் கம்பி போல நீண்டும் கேட்கிறது. உன் தொண்டையில் இருந்து அப்படி ஒரு காந்தாரம் வராது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த மென்பொருளை நான் குறை சொல்லவில்லை. இந்த வகையில் உலகம் எங்கும் பெயர் எடுத்த ஓட்டோ டியூன் 1997இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய அன்டி ஹில்டெபிராண்ட் அதற்கு முன் எண்ணெய் வளம் தேடும் துறையில் இருந்தவர்; நிலத்துக்குள் அனுப்பிய அதிர்வுகள் திரும்பி வரும் விதத்தைக் கணித்த அதே அறிவைக் குரலின் சுருதியைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தினார். அந்த அறிவு எனக்குப் பெரிய வியப்பு. ஒரு சுரத்தில் நேராக நின்று அடுத்த சுரத்துக்குப் போகும் பாட்டு முறைக்கு அது நன்றாகவே உதவும். நம்முடைய விருத்தத்துக்கு உதவாது, அவ்வளவுதான். திருத்தும் வேகத்தைக் குறைத்து வைத்தால் சுரத்தை அசைக்கும் கமகம் தப்பும் என்று உன் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தாய். ஓரளவு தப்பும் என்பது உண்மைதான். ஆனால் திருத்தத் தேவையே இல்லாத குரலுக்கு எதற்கு அந்தச் சிகிச்சை?

இயந்திரம் செய்த பிழையை இயந்திரத்தைக் கொண்டு திருத்தலாம். தொண்டையின் அசைவைப் பிழை என்று எண்ணித் திருத்தக் கூடாது என்பதே என் எண்ணம். இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், பெரியம்மா உன்னிடம் கொடுத்துவிட்ட கசட்டோடு கடந்த மாரி முழுவதும் நான் இருந்ததுதான். அப்பப்பா மத்தளம் வாசித்த கோவலன் கூத்து அது. இங்கே எங்களிடம் இருந்த பிரதிகள் எல்லாம் 2009இல் இடம்பெயர்ந்த வழியில் போய்விட்டன. பெரியம்மா முன்கூட்டியே கனடாவுக்குக் கொண்டுபோனது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அது பதிவான காலம் உனக்குத் தெரியாது. வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகள். மின்சாரம் இல்லை, தடை செய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம்; தீர்ந்துபோன பற்றரிகளை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் உயிர் கொடுத்தோம். அப்படிக் காயவைத்த பற்றரிகளைப் போட்டுத்தான் அந்தக் கூத்தைப் பதிந்தார்கள். பற்றரி இறங்க இறங்க மோட்டாரின் வேகம் குறைந்து நாடா மெதுவாக ஓடும். மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் ஓடும் கருவியில் போட்டால் பாட்டு விரைந்தும் சுருதி உயர்ந்தும் கேட்கும். எனவே கசட்டின் தொடக்கத்தில் வரவுப் பாட்டு கம்பீரமாக வருகிறது. போகப் போக, கூத்தை நடத்திப் பாடும் அண்ணாவியாரின் குரல் மெலிந்து, பக்கம் முடிகிற இடத்தில் ஏறத்தாழ ஒரு முழுச்சுரம் ஏறி, சிறுவன் ஒருவன் அவசரமாகப் பாடுவது போல ஆகிவிடுகிறது.

இதைச் சரிசெய்ய வழி காட்டியது ஆர்மோனியம். பாடுகிறவரின் சுருதி ஏறலாம், இறங்கலாம். ஆர்மோனியத்தின் ரீட் ஒரு இரவுக்குள் அப்படி ஏறாது. ஆகவே பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் ஆர்மோனியம் ‘ச’ என்னும் சட்சத்தைப் பிடித்து நிற்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, அங்கே அதன் அதிர்வெண்ணை அளந்து, தொடக்கப் பாட்டில் அது நின்ற இடத்தை அளவாக வைத்து, எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதே விகிதத்தில் ஓடும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனேன். இதற்குச் சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடவில்லை. வேகமும் சுருதியும் சேர்ந்தே கெட்டதால் இரண்டையும் சேர்த்தே இறக்க வேண்டும். சல்லாரி என்னும் கைத்தாளத்தின் ஓசை தன் இயல்புக்குத் திரும்பி, அப்பப்பாவின் மத்தளத்தில் தொப்பிப் பக்கத்தின் கனம் மறுபடியும் கேட்டபோது, நான் அம்மாவை அடுப்படியில் இருந்து கூப்பிட்டேன். அவள் வாசலில் நின்றபடியே, இது மாமாவின் கைதான் என்றாள். ஒரு கணினி எனக்குத் தந்த மகிழ்ச்சிகளில் இதற்கு நிகரானது வேறு இல்லை.

நாடாவின் இரைச்சலை ஓடாசிட்டி மென்பொருளில் குறைத்தேன். யாரும் பாடாத ஒரு துண்டைக் காட்டி, இதுதான் இரைச்சல் என்று அறிமுகப்படுத்தினால் அது அந்த வகை ஓசையை எங்கும் தேடிக் குறைக்கும். கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். பேராசைப்பட்டுக் கூட்டினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போலாகி, பிற்பாட்டுக்காரரின் சொற்கள் கரைந்துவிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கூத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். ஆட்டக்காரரின் கால் சூடு பிடிக்கும்போது அண்ணாவியார் காலத்தை மெல்ல முடுக்குகிறார். அப்பப்பா அதைப் பார்த்துக்கொண்டே கூட்டுகிறார். இதற்கும் பற்றரிக்கும் சம்பந்தம் இல்லை, ஏனென்றால் அங்கே ஆர்மோனியத்தின் சுருதி அசையவில்லை. மென்பொருளில் உள்ள கட்டக் கோடுகளுக்கு ஏற்றபடி அடிகளை நகர்த்தி ஒழுங்குபடுத்தியிருந்தால் அந்த முடுக்கம் முழுவதும் அழிந்திருக்கும். இப்போது நடன ஆசிரியர்கள் தமிழ்மொழித் தினப் போட்டிக்கென்று பாட்டைக் குறித்த நிமிடத்துக்குள் வெட்டிக் கேட்கிறார்கள். அந்த வேலைக்குக் கோடுகள் வேண்டும், ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபுவாக இருந்தாலும் ஏழுக்கு வகுத்து வைத்துக்கொள்ளலாம். விருத்தத்துக்கும் கூத்துக்கும் அவற்றை அணைத்துவிடுகிறேன். நீயும் மென்பொருள் காலம் காட்டும் டிக் டிக் ஓசையைக் காதில் போட்டுக்கொண்டு விருத்தம் பாடாதே.

நீ என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெரும் அலைச்சல் கொடுப்பது தாமதம்தான். மிருதங்கம் வாசிக்கும் தம்பி ஹெட்போனில் தன் அடியையே கேட்டு வாசிக்கும்போது, ஒலியைச் செக்கனுக்கு 48,000 மாதிரிகளாக எடுக்கும் வீதத்தில், கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் மாதிரிகளின் அளவான பஃபர் 1024 ஆக இருந்தால் ஒரு வழிக்கு மட்டும் 21 மில்லி செக்கன் பிந்துகிறது. உள்ளே போய் வெளியே வர அது இரட்டிக்கும். தன் அடி பிந்திக் கேட்பதால் அவன் அதற்காகக் காத்திருக்கிறான், காலம் தளர்கிறது. 128 ஆகக் குறைத்தால் தாமதம் மூன்று மில்லி செக்கனுக்குள் வந்துவிடும், ஆனால் என்னுடைய மடிக்கணினி மூச்சுத் திணறிப் பொரியத் தொடங்கும். பதியும்போது பஃபரைக் குறைத்தும், கலக்கும்போது கூட்டியும் வைப்பதே வழி. பதியும்போது வைஃபையையும் மின்சாரம் சேமிக்கும் அமைப்பையும் நிறுத்தி வைப்பேன். மின்விசிறியையும் நிறுத்த வேண்டும் என்பதால் பங்குனி, சித்திரையில் அது தவம். பகலில் மயிலும் உழவு இயந்திரமும் மைக்குக்குள் வந்துவிடும். மாரியில் தகரக் கூரை.

முன்பு நான் வைத்திருந்த ஒரு மென்பொருள் தன் உரிமத்தை அடிக்கடி இணையத்தில் சரிபார்க்கும். 2022 பங்குனியில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, மின்சாரம் போனால் போன் கோபுரத்தின் அலையும் தளர்ந்துவிடும். கணினியில் பற்றரி இருந்தும், பாடகர்கள் வந்து உட்கார்ந்திருந்தும், பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள் திறக்க மறுத்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. அதன் பிறகு ரீப்பர் என்னும் பதிவு மென்பொருளுக்கு மாறினேன்; தனி மனிதருக்கான உரிமம் 60 டொலர், வேலை செய்ய இணையம் வேண்டாம், பழைய கணினியிலும் ஓடும். நீயும் அதையே எடுத்தால் என் கோப்புகளை நீ அப்படியே திறக்கலாம். பாட்டு வரிகளை அச்சகத்தார் இன்னும் பாமினி எழுத்துருவில் அனுப்புகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். நீ யூனிகோட்டிலேயே அனுப்பு.

கீபோட் பற்றி ஒரு நல்ல செய்தி. மின் இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்க 1983இல் வந்த மிடி முறையில் சுரத்தை வளைக்கும் சக்கரத்துக்கு 16,384 படிகள் உண்டு. வழக்கமாக அது மேலும் கீழும் இரண்டிரண்டு அரைச்சுரம் வளைக்கும். தோடிக்குரிய, ‘சாதாரண காந்தாரம்’ என்னும் சுரத்தை அழுத்திக்கொண்டு சக்கரத்தை முழுதாகக் கீழே இழுத்தால் சுத்த ரிஷபம், முழுதாக மேலே தள்ளினால் சுத்த மத்திமம். தோடிக்கென்றே அளந்து வைத்தது போல இருக்கிறது. இடது கையைப் பழக்கிக்கொண்டு வருகிறேன். உன் விருத்தத்துக்குப் பின்னால் அதை மெல்ல வைக்கலாம் என்று எண்ணம்.

இனி நீ செய்ய வேண்டியவை. மூலப் பதிவு அழிந்துபோயிருந்தால் மறுபடி பாடு. தம்புராவை 5 கட்டைச் சுருதியில் ஹெட்போனில் மட்டும் கேள். மைக்கைத் திறந்து சில செக்கன் சும்மா இருந்துவிட்டுப் பாடத் தொடங்கு, அந்த அறையின் இரைச்சல் எனக்குத் தனியாக வேண்டும். 48,000, 24 பிட் என்று வை. அந்த வீதத்தில் பதிந்ததை 44,100 என்று எண்ணி ஓட்டினால் உன் 5 கட்டை, 4 கட்டைக்கும் 4½ கட்டைக்கும் நடுவில் எங்கோ போய் நின்றுவிடும். அதனால் கோப்பின் பெயரிலேயே வீதத்தைக் குறித்துவிடு. ஒற்றை மைக் பதிவு நிமிடத்துக்கு 8.6 மெகாபைட் அளவில் வரும். ஃபிளாக் கோப்பு வடிவத்துக்கு மாற்றினால் ஒரு துளியும் இழக்காமல் குறையும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பாதே, அது நெரித்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பு. எதிரொலி எதுவும் சேர்க்காதே, அதை இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெரியம்மாவிடமும் ஒன்று கேட்க வேண்டும். கசட்டின் இரண்டாம் பக்கம் கோவலன் சிலம்பு விற்கப் புறப்படும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. மிகுதிக் கதைக்கு இன்னொரு கசட் இருந்திருக்க வேண்டும். அலுமாரியின் அடித் தட்டையும் பழைய சூட்கேஸ்களையும் நீயே போய் நின்று தேடிப் பார். கிடைத்தால் அங்கே ஓட்டிப் பார்க்க வேண்டாம், பழைய நாடா அறுந்துவிடும். வருகிறவர் யாரிடமாவது கைப்பையில் கொடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா