ஜிலேபி மட்டும் ஏன் பெருகுகிறது?

அன்புள்ள சேகர்,

அணையில் ஜிலேபி மீன் (திலாப்பியா) பெருகி விராலும் கெண்டையும் குறைந்ததற்கு, அது முட்டைகளைத் தின்பதுதான் காரணமா என்று கேட்டிருந்தாய். தின்னும்தான். ஆனால் அதற்கு முன் நீர்மட்டத்தைப் பார்.

விரால் கரையோரச் செடிகளை விலக்கிக் கூடு அமைக்கும். முட்டைகள் அங்கேயே மிதக்கும், தாய் தந்தை காவல் நிற்கும். மதகைத் திறந்து தண்ணீர் மளமளவென்று இறங்கினால் காவலால் பயனில்லை, முட்டைகள் கரையில் காய்ந்துபோகும். ஜிலேபியும் ஆழமில்லாத இடத்தில்தான் தட்டுப்போலக் குழி பறிக்கிறது. ஆனால் முட்டையிட்டதும் பெண் மீன் அவற்றை வாயில் அள்ளிக்கொண்டு தண்ணீர் இருக்கும் பக்கம் போய்விடும். ஏறி இறங்கும் நீருக்கு இதைவிடப் பொருத்தமான பழக்கம் வேண்டுமா? தாடை உப்பிய பெண் மீனின் வாயைத் திறந்து பார், கேழ்வரகைவிடச் சற்றுப் பெரிய மஞ்சள் முட்டைகள் குவிந்திருக்கும். வலையில் சிக்கியதும் பல மீன்கள் துப்பிவிடுகின்றன. அதனால் வாய் காலியாக இருக்கிறது என்பதற்காக அது சினைக்காலம் இல்லை என்று குறித்துவிடாதே.

உன் மீன்பிடிப்புக் கணக்கில் என்னை உறுத்துவது வலைக்கண், அதாவது வலைத் துளையின் அளவு. பெரிய கண் செவுள் வலையை (மீனைச் செவுளில் சிக்கவைக்கும் வலை) மட்டும் போட்டால் சிறு கெண்டைகள் நழுவிவிடும், நீயோ அவை அழிந்துவிட்டன என்று எழுதுவாய். நெருக்கடியில் வளர்ச்சி குன்றி, சுமார் 10 செ.மீ. நீளத்திலேயே சினைப்படும் ஜிலேபியும் அப்படித்தான் கணக்கில் வராமல் போகும். 20, 30, 40, 60, 80 மி.மீ. கண் வலைகளை ஒரே நீளத்தில் எடுத்துக்கொள். கரையோரம் ஒரு தொகுப்பு, ஆழத்தில் ஒரு தொகுப்பு என மாலையில் போட்டு விடியலில் எடு. செடி மண்டிய இடத்தில் வீச்சு வலைதான் சரி. எண்ணிக்கையையும் எடையையும் தனித்தனியாக எழுது.

மொத்த எடை ஏமாற்றும். இமாச்சலப் பிரதேசத்தில் பக்ரா அணையின் நீர்த்தேக்கமான கோவிந்த் சாகரில் 1971 வெள்ளத்தோடு வெள்ளிக் கெண்டை நுழைந்தது. பிறகு பிடிப்பில் பெரும்பங்கு அதுவே ஆனது, அங்கே விடப்பட்டிருந்த கட்லா சரிந்தது. இரண்டும் மிதவை உயிரிகளைத் தின்பவை. ஆனால் வெள்ளிக் கெண்டையின் செவுள் சல்லடை பஞ்சுபோல் பின்னியிருப்பதால் இன்னும் நுண்ணியதையும் வடித்தெடுக்கும், குளிர்ந்த நீரும் அதற்கு ஒத்துப்போகும். எடையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது நல்ல விளைச்சலாகவே தெரிந்திருக்கும்.

பெரிய ஜிலேபிகளை மட்டும் பிடித்துக் குறைக்கலாம் என்ற யோசனையை விட்டுவிடு. பெரியவை போன இடத்தைச் சிறியவை நிரப்பிக்கொள்ளும். விரால் கூடு கட்டும் வாரங்களில் நீரைப் படிப்படியாக இறக்கச் சொல்லிக் கேட்டுப் பார், அதுதான் அந்த மீனுக்கு நேரடியாக உதவும். அடுத்த கடிதத்தோடு மதகு திறந்த நாட்களையும் தினசரி நீர்மட்டத்தையும் அனுப்பு, பிடிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
ராகவன்