ஃபெய்தோவின் நாடகம் ஆபாசமல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த பிரெஞ்சு நாடகக் கட்டுரை, ஜார்ஜ் ஃபெய்தோவின் நாடகங்களைக் கள்ளக்காதலைக் கொண்டாடும் கூத்து என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அவருடைய ‘லா ப்யூஸ் ஆ லோரேய்’ நாடகத்தை மாணவர்களைச் சத்தமாக வாசிக்கவைத்தே பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

1907 மார்ச் 2 அன்று பாரிஸில் முதலில் மேடையேறிய நாடகம் அது. கணவர் ஷாந்தபீஸ் கொஞ்ச நாளாக மனைவி ரேமோந்தை நெருங்குவதில்லை. அந்த நேரம் பார்த்து, கால்சட்டைக்குத் தோளில் மாட்டும் அவருடைய பட்டை ஒரு மாதிரியான விடுதியிலிருந்து தபாலில் வருகிறது. ரேமோந்துக்குச் சந்தேகம். தன் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார் என்று, தோழி லூசியேனை விட்டுக் காதல் கடிதம் எழுதி, அவரை அதே விடுதிக்கு வரச் சொல்கிறாள். அவரோ, தன்னை யார் காதலிக்கப் போகிறார்கள், இது நண்பர் தூர்னெலுக்கு எழுதியதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறார். கடிதத்தை லூசியேனின் கணவரிடமே காட்டுகிறார்! மனைவியின் கையெழுத்தைப் பார்த்த அந்த மனிதர் துப்பாக்கியோடு கிளம்பிவிடுகிறார். கடைசியில் தெரிகிறது, ஷாந்தபீஸ் ஒரு தப்பும் செய்யவில்லை. பட்டையை உறவுக்காரப் பையன் கமீயிடம் கொடுத்திருந்தார், அவன்தான் விடுதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். இதில் கொண்டாட்டம் எங்கே இருக்கிறது?

அப்புறம் அந்த விடுதி அறையில் இருக்கும் கட்டில். பொத்தானை அழுத்தினால் சுவரோடு சேர்ந்து சுழலும். படுத்திருந்தவர் அடுத்த அறைக்குப் போய்விடுவார். அங்கிருந்த வாதநோய்க் கிழவர் முனகிக்கொண்டே இங்கே வருவார். வெறும் வேடிக்கைக்கு வைத்ததல்ல இது. அன்றைய பிரான்சில் பிறன்மனை உறவு குற்றம், போலீஸ் வந்து கையும் களவுமாகப் பிடிக்கும். மனைவி மாட்டினால் 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. கணவனுக்கு அபராதம் மட்டும், அதுவும் இன்னொருத்தியைக் குடும்ப வீட்டிலேயே வைத்திருந்தால்தான். 1975 வரை அது குற்றமாகவே இருந்தது. இப்படியொரு அநியாயச் சட்டம் இருந்த ஊரில் விடுதிக்காரன் கட்டிலைச் சுழலவைக்காமல் என்ன செய்வான்?

கமீக்கு மெய்யெழுத்து வாயில் வராது, உயிரெழுத்து மட்டும்தான். டாக்டர் தந்த, வெள்ளியில் செய்த செயற்கை அண்ணத்தை வாய்க்குள் மாட்டினால் தெளிவாகப் பேசுவான். அதையும் விடுதியில் தொலைத்துவிட்டு, கண்டதைச் சொல்ல முடியாமல் தவிப்பான். மாணவர்கள் இந்த இடத்தை விழுந்து விழுந்து சிரித்தபடி வாசிப்பார்கள். அசல் மேடையில் இதைவிடக் கடினமான வேலை ஷாந்தபீஸாக நடிப்பவருக்கு. விடுதி வேலைக்காரன் போஷும் அதே சாயல், அதே நடிகர். ஒரு கதவில் கனவானாகப் போனவர் மறு கதவில் வேலைக்காரன் உடுப்பில் வரவேண்டும். ஒரு நொடி பிந்தினால் காட்சி படுத்துவிடும்.

கட்டுரையாளர் விடுதியில் நடக்கும் இரண்டாம் அங்கத்தையாவது முழுசாகப் படித்துவிட்டு மறுபடி எழுதட்டும். அதற்குத் தாங்கள் இடம் ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை,
புதுச்சேரி