சத்தம் இல்லாத ராத்திரி: ஒரு நன்றி மடல்

நேற்று நடுராத்திரி திடுக்கிட்டு எழுந்து மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராகத்தான் இருந்தது. சத்தம் இல்லாததுதான் என்னை எழுப்பியிருக்கிறது! அவள் மூச்சிழுக்கும்போது வரும் அந்தக் கீச்சொலியோடு நாலரை மாதம் படுத்துப் பழகிவிட்டது. சரி, தூக்கம் போனது போனதுதான், அவளைக் குணமாக்கிய உங்களுக்கெல்லாம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த நன்றியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பிறந்த இரண்டாம் வாரத்தில் ஆரம்பித்தது. மல்லாக்கப் படுக்கவைத்தால், அழுதால், பால் குடித்தால் சத்தம் கூடும். எல்லோரும் சளி என்றார்கள். முதலில் காட்டிய இடத்தில் வீசிங் என்று மூன்று முறை நெபுலைசர் வைத்தார்கள், துளிகூட மாற்றமில்லை.

நர்ஸ் அக்கா, தடுப்பூசி போடத்தான் வந்தோம். நீங்கள் ஊசியை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டையைத் தூக்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் தொண்டைக்குழி உள்வாங்குவதைக் காட்டினீர்கள். "சத்தம் மூச்சு இழுக்கும்போதா, விடும்போதா?" என்று கேட்டீர்கள். அதுவரை எங்களை யாரும் கேட்காத கேள்வி. வீசிங் பெரும்பாலும் விடும்போது வரும், இது இழுக்கும்போது வருகிறது, அப்படியென்றால் அடைப்பு நுரையீரலில் இல்லை, தொண்டைப் பக்கம் என்று சொல்லி, தூங்கும்போதும் பால் குடிக்கும்போதும் வீடியோ எடுத்துப் போகச் சொன்னீர்கள். டாக்டர் முன்னால் மட்டும் குழந்தைகள் சமர்த்தாக மூச்சுவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

காது மூக்கு தொண்டை டாக்டர் அந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். மயக்க மருந்தே இல்லாமல், என் மடியில் வைத்தபடி, மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டார். திரையில் நானும் பார்த்தேன்: குரல்வளையின் மேல்மூடி சுருண்டு கிடக்க, அவள் மூச்சிழுக்கும்போதெல்லாம் தொளதொளவென்ற சதை உள்ளே விழுந்து வழியை மறைத்தது. இதன் பெயர் லாரிங்கோமலேசியா. கைக்குழந்தைகளுக்கு இப்படிச் சத்தம் வர மிகப் பொதுவான காரணமே இதுதானாம், பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடுமாம். உடனே கத்தியை எடுக்காமல் எடையைப் பார்ப்போம் என்றீர்களே, அதற்குத் தனி நன்றி டாக்டர். ஆனால் மூன்று வாரத்தில் 90 கிராம்தான் ஏறியது, பால் குடிக்கையில் உதடும் நீலமானது. அப்புறம் காத்திருக்கவில்லை. வாய் வழியாகவே போய் அந்தச் சதையைச் சரிசெய்தார்கள், வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அதே மயக்கத்தில், கீழே மூச்சுக்குழலில் வேறு அடைப்பு உண்டா என்றும் பார்த்துவிட்டார்கள்.

மயக்க மருந்து டாக்டரை நாங்கள் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. அவளே மூச்சுவிட்டுக்கொண்டும் இருக்க வேண்டும், அசையாமலும் தூங்க வேண்டும் என்ற அந்தக் கயிற்றுமேல் நடையை நடத்தியவர் அவர்தான். அன்றிரவு ஐசியுவில் பணியில் இருந்த நர்ஸ் தங்கைக்கும் நன்றி. குரல்வளைக்குக் கீழே 4 மில்லிமீட்டர்தான் வழி, சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினாலே காற்றுப் போகும் இடம் கால்வாசியாகிவிடும் என்று சொன்னபடியே, விடிய விடிய தொட்டிலைவிட்டு நகரவே இல்லை நீ.

ஒருக்களித்துப் படுக்கவைத்து, நாலு மடக்குக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சுவாங்கவிட்டுப் பால் கொடுக்கக் கற்றுத்தந்த தெரபிஸ்ட் அக்கா, குடித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆன பால் இப்போது இருபது நிமிடத்தில் முடிகிறது. அடுத்த வாரம் எடை பார்க்க வருகிறோம். இதை எழுதும்போதே எழுந்துவிட்டாள், இருங்கள், பசி.