விடுதலையானவர்களின் விரல்ரேகை என்ன ஆகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காவல்துறையின் விரல்ரேகைப் பிரிவில் நிபுணராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரின் மகன் ஒரு திருட்டு வழக்கில் கைதாகி, விசாரணை முடிந்து விடுதலையானார். மேல்முறையீடும் இல்லை. "ஸ்டேஷன்ல கைரேகை எடுத்தாங்களே, அது இனிமே என்ன ஆகும் சார்?" என்று அவருடைய அப்பா என்னிடம் கேட்டார். பலருக்கும் பயன்படும் என்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் காலத்தில் கண்ணாடித் தட்டில் மையை ரோலரால் மெல்லிசாகப் பரப்பி, ஒவ்வொரு விரலையும் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உருட்டிப் பதிப்போம். அதே சீட்டின் கீழ்ப்பகுதியில் விரல்களைச் சேர்த்து வைத்து இன்னொரு முறை பதிப்போம். மேலே விரல் மாறிப் பதிந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். சிமென்ட் வேலை செய்கிறவர்களின் ரேகை தேய்ந்திருக்கும். அவசரப்பட்டால் சீட்டு வீண்.

இப்போது ஸ்கேனர் வந்துவிட்டது. ரேகை 2022 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட நாஃபிஸ் என்ற தேசியத் தொகுப்புக்குப் போகிறது. ஆளுக்கு ஒரு பத்து இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். பிறகு எந்த ஊரில் கைதானாலும் அதே எண்தான்.

பத்து விரலும் தெளிவாக உள்ள இரண்டு சீட்டுகளை ஒப்பிடுவதில் சிக்கல் குறைவு. பீரோ கதவில் கிடைக்கும் அரைகுறை ரேகைதான் பாடாய்ப் படுத்தும். கம்ப்யூட்டர் ஒரே ஆளைக் காட்டுவதில்லை. நெருக்கமாக உள்ளவற்றை வரிசையாக எடுத்துத் தரும். கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று பார்த்து நிபுணர்தான் முடிவு சொல்ல வேண்டும். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் ஒரு ரேகை கிடைத்தது. கம்ப்யூட்டர் தந்த 20 பேரில் ஒருவரான அமெரிக்க வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டின் ரேகைதான் அது என்று எஃப்பிஐ நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அவர் இரண்டு வாரம் காவலில் இருந்தார். ஸ்பெயின் போலீஸார் அது ஓர் அல்ஜீரியருடையது என்று கண்டுபிடித்த பிறகு எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது. தொகுப்பு பெருகப் பெருக, தற்செயலாக ஒத்துப்போகும் ரேகைகளும் அகப்படும். குற்றமற்றவர்களின் ரேகை அதில் கிடக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

1920ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓராண்டு அல்லது அதற்கு மேல் கடுங்காவல் விதிக்கத்தக்க குற்றத்தில் கைதானவரிடம்தான் ரேகை எடுக்க முடிந்தது. 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. பதிவை 75 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனால் முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையாகி, மேல்முறையீடும் முடிந்துவிட்டால், அந்தப் பதிவை அழித்தாக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நீதிமன்றம் காரணம் எழுதி வேறு உத்தரவிட்டால் மட்டுமே விலக்கு. அழிக்கக் கோரும் மனுவை மாநில அரசு நியமிக்கும் பொறுப்பு அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். வேறு வழக்கு இல்லை என்று சரிபார்த்து, அவர் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்குப் பரிந்துரைப்பார்.

இதை அந்த அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. வக்கீலும் சொல்லவில்லை. விடுதலைத் தீர்ப்பின் நகலோடு ஒரு மனுப் படிவத்தையும் நீதிமன்றத்திலேயே கொடுக்கலாம். பொறுப்பு அதிகாரியின் முகவரியை ஒவ்வொரு காவல் நிலையப் பலகையிலும் எழுதி வைக்கலாம். இந்த இரண்டுக்கும் உள்துறை உடனே உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விரல்ரேகை நிபுணர்,
திருச்சி.