அடுத்த தண்ணீர் திறப்புக்கு முன்னால் முதலுதவி பழக எங்களுக்கு ஒரு பொம்மை வேண்டும்

மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் எங்கள் ஊருக்கு என்னென்ன வரும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. நடவு வரும், கிணறுகளில் ஊற்று ஏறும், லீவுக்குச் சொந்தபந்தம், ஒறம்பரை வரும். அப்புறம் ஏதாவது ஒரு வருசம் ஒரு பிணமும் வரும். பவானிசாகரில் இருந்து இருநூறு கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால். எந்தப் பாலத்தடியில் யார் போனார்கள் என்பதெல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கும்.

போன ஆயுத பூஜை லீவில் நடந்ததும் அந்தக் கோப்பில் இருக்கும். அதில் இருக்காத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருப்பூரில் இருந்து ஒறம்பரையாக வந்த பையன், பத்தாவது படிக்கிறவன். படித்துறையில் கால் வழுக்கிவிட்டது. வாய்க்கால் நிறையப் போகும்போது மேலே பார்க்க எண்ணெய் மாதிரி அமைதியாக இருக்கும், இறங்கினால்தான் இழுப்பு தெரியும். நான் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். கூப்பாடு கேட்டு ஓடி, கீழ்ப் பாலத்துக்கிட்டே குதித்தேன். என்னோடு இன்னும் இரண்டு பேர். ஏழெட்டு நிமிடத்துக்குள் பையனைக் கரையில் போட்டுவிட்டோம்.

அது வரைக்கும் எங்களுக்குத் தெரிந்த வேலை. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று கரையில் நின்ற நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கச் சொன்னார். தூக்கினோம். இன்னொருவர் வயிற்றை அமுக்கச் சொன்னார். நான்தான் அமுக்கினேன். வாயில் தண்ணீரும் மத்தியானம் தின்ற சோறும் வந்தது. 'தண்ணி வந்திருச்சு, இனிப் பயமில்லை' என்று கூட்டத்தில் ஒரு குரல். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உள்ளங்காலைத் தேய்த்தோம். ஒரு பெரியவர் கல்லுப்பு மூட்டை எடுத்துவர ஆள் அனுப்பினார், மூழ்கியவனை உப்பில் மூடி வைத்தால் பிழைப்பான் என்று வாட்ஸப்பில் பார்த்தாராம்.

108 வர இருபது நிமிடம் ஆனது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கரை மேல் மண் தடத்தில் அதைவிட வேகமாக எந்த வண்டியும் வராது. இறங்கி வந்த நர்ஸ் பொண்ணு மண்டி போட்டு, இரண்டு கையையும் பையன் நெஞ்சில் வைத்து அமுக்கிக்கொண்டே கேட்டது: "அண்ணா, இவ்வளவு நேரம் யாராச்சும் நெஞ்சை அமுக்கினீங்களா? வாயில் ஊதினீங்களா?"

"வயித்தைத்தானுங்க அமுக்கினோம்" என்றேன்.

அந்தப் பொண்ணு ஒன்றும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பையன் பிழைக்கவில்லை. சரியாகச் செய்திருந்தால் பிழைத்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது உண்மையா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னதா தெரியாது. பையனின் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: "சீக்கிரமாத்தானேண்ணா தூக்குனீங்க?" ஆமாம் என்றேன். சீக்கிரமாகத்தான் தூக்கினோம்.

பிறகு என் அக்கா மகள், கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிறவள், ஒரு தலையணையை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். மூச்சு நின்ற நாலைந்து நிமிடத்தில் மூளை கெட ஆரம்பித்துவிடுமாம். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு நூறில் இருந்து நூற்றிருபது தடவை, ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி அமுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே வர விட வேண்டும். முப்பது அமுக்குக்கு இரண்டு மூச்சு. தண்ணீரில் மூழ்கியவனுக்கு இன்னொன்றும் உண்டு. செல்போன் வீடியோக்களில் வருவது பெரும்பாலும் மாரடைப்புக்கானது, கையால் அமுக்கினால் போதும் என்பார்கள். மூழ்கியவன் உடம்பில் காற்றே தீர்ந்துபோயிருக்கும், அதனால் அவனுக்கு முதலில் மூச்சுதான் கொடுக்க வேண்டும். வயிற்றை அமுக்கவே கூடாது. அமுக்கினால் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும்.

நான் அமுக்கினேன் என்று மேலேயே எழுதிவிட்டேன்.

ஆனால் தலையணை பத்து சென்டிமீட்டரும் இறங்குகிறது. மனுசன் நெஞ்சு எவ்வளவு எதிர்க்கும், எவ்வளவு பலம் போட வேண்டும், ஊதிய காற்று உள்ளே போனதா மூக்கு வழியே வெளியே போனதா என்பதெல்லாம் தலையணைக்குத் தெரியாது. அதற்கு மனுச உடம்பு மாதிரியே செய்த பயிற்சிப் பொம்மை வேண்டும். அதைத்தான் கேட்கிறேன். எங்களுக்குக் கை வைத்துப் பழகக் கொடுங்கள்.

'ஒத்திகை நடத்தினோமே' என்பீர்கள். நடத்தினீர்கள், நானும் வந்திருந்தேன். சங்கு ஊதியது, கயிறு கட்டினார்கள், மேடையில் ஒரு பொம்மை இருந்தது. ஐந்து பெரியவர்கள் ஆளுக்கு நாலு அமுக்கு அமுக்கினார்கள், போட்டோ எடுத்தாயிற்று. அந்தப் பொம்மைக்கு அன்றைக்குக் கிடைத்த கவனிப்பு எங்கள் வாய்க்காலில் இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. நான் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, நேரமாச்சுங்க, அடுத்த நிகழ்ச்சி இருக்கு என்று பதில் வந்தது. டீயும் மிக்சரும் கொடுத்தார்கள். சான்றிதழும், முதுகில் 'மீட்புப் பணி' என்று அச்சடித்த ஆரஞ்சு சட்டையும் கொடுத்தார்கள். சட்டை நல்ல கனமான துணி. மஞ்சள் வேகவைக்கும்போது ஆவிக்கு அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

தீயணைப்பு நிலையம் எங்கள் ஊருக்குப் பதினெட்டு கிலோமீட்டர். அந்த வீரர்கள் வந்து ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்து தேடுவதைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் அவர்கள் வந்து சேரும்போது தேடுகிற வேலைதான் மிச்சமிருக்கும். காப்பாற்றுகிற அந்தச் சில நிமிடத்தில் கரையில் இருப்பது நாங்கள். ஆடு மேய்க்கிறவர், மோட்டார் எடுத்துவிடப் போனவர், கொடிவேரியில் பரிசல் ஓட்டுகிறவர், பவானி கூடுதுறையில் பூக்கடை வைத்திருக்கிறவர். மீட்புப் பணியாளர் என்று சம்பளப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை, அதனால் பயிற்சிப் பட்டியலிலும் இல்லை போலிருக்கிறது.

வாய்க்கால் மட்டுமா? எங்கள் பக்கத்துக் கிணறுகள் எண்பது அடி, நூறு அடி, பாதிக்கு மேல் கைப்பிடிச் சுவரே கிடையாது. பாழுங்கிணற்றில் விசவாயு இருக்கும் என்று தெரியாமல் ஒருவனைத் தூக்க இன்னொருவன் இறங்கி, இரண்டு பேரும் போகிற கதை வருசா வருசம் பேப்பரில் வருகிறது. சாலை விபத்தில் உதவுகிறவரை அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016ல் சொன்னது, 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதைச் சேர்த்தார்கள். நல்லது. தண்ணீரில் இருந்து தூக்கிய நாங்கள் ஸ்டேசனில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்று கேட்காதீர்கள். கரைக்குக் காங்கிரீட் போடலாமா கூடாதா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. போனால் இந்தக் கடிதம் முடியாது.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்பது சின்ன விசயம்தான். வழக்கமாக ஆகஸ்ட் 15ல் தண்ணீர் விடுவார்கள். அதற்கு முன்னால் வாய்க்காலோர ஊர்களில், நீச்சல் தெரிந்தவர்களுக்கு இரண்டு நாள். மேடை வேண்டாம். பத்துப் பேருக்கு ஒரு பொம்மையாவது இருக்கட்டும். மூழ்கியவர்களுக்கு என்ன செய்வது என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். சின்னக் குழந்தை அளவில் ஒரு பொம்மையும் கொண்டுவாருங்கள், விழுவதில் குழந்தைகளும் உண்டு. வாயில் வைத்து ஊதுகிற மாஸ்க் ஊருக்கு இரண்டு கொடுத்தால் பால் சொசைட்டியில் மாட்டி வைத்துக்கொள்வோம், சொசைட்டிதான் காலையிலும் சாயங்காலமும் திறந்திருக்கும். கை மறந்துவிடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து திரும்பச் செய்ய வையுங்கள். அந்த நர்ஸ் பொண்ணு மாதிரி தினமும் இதைச் செய்கிற யாராவது வந்து சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

மாரியம்மன் கோயில் மண்டபம் காலியாகத்தான் இருக்கிறது, பூசாரியிடம் பேசிவிட்டேன். எங்கள் ஊரிலும் பக்கத்து மூன்று ஊர்களிலும் சேர்த்து இருபத்தாறு பேர் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் நாலு பேர் பெண்கள். நாற்று நடவு தொடங்கிவிட்டால் இவர்களை ஒன்றாகப் பிடிப்பது கஷ்டம், அதனால் ஆடி முடிவதற்குள் ஒரு தேதி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இரண்டு நாளும் மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. நீங்கள் பொம்மைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கீழ்பவானி வாய்க்கால் கரையில் இருந்து ஒரு விவசாயி